விஞ்ஞான ஆராய்ச்சியும் பல்கலைக்கழக நூல்நிலையமும்

அறிவு இருவகையாற் கெடும். அறிந்தவர் அதனைப் பிறர்க்கு உரையாது மறைத்தல் ஒன்று. உரைத்தது எங்கே கிடக்கின்றது என்பதைப் பின்வந்தோர் அறியாது விடுதல் மற்றொன்று. முன்னையதை நாம் நன்கு அறிவோம். மருந்து முறைகளைப் பரிபாஷையிற் பொதிந்து வைத்த சித்தர்களின் மரபும், தந்தை மகனுக்கன்றிப் பிறர்க்குச் சொல்லாத கைவைத்தியமும் நம்மிடையே இருந்தவையே. ஆனாற் பின்னையதைப் பற்றி நாம் சிந்திப்பது குறைவு. அச்சேறிய கருத்து அழியாது என்றும், நூல்நிலையம் புகுந்த நூல் உலகோர்க்கு உரித்தாயிற்று என்றும் எளிதில் நம்பிவிடுகின்றோம். இந்நம்பிக்கை எத்துணைப் பிழையானது என்பதற்கு மெண்டலின் வரலாறு ஒன்றே போதிய சான்றாகும்.

மறைந்து கிடந்த கட்டுரை

ஒஸ்திரியப் பேரரசின் மொறாவியா மாகாணத்தில், இன்று செக் நாட்டைச் சேர்ந்த பேர்னோ நகரில், துறவி மடமொன்றில் வாழ்ந்தவர் கிரெகொர் மெண்டல். 1856ஆம் ஆண்டு முதல் 1863 வரை அவர் மடத்துத் தோட்டத்திற் பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்து, தலைமுறை தலைமுறையாக அவற்றின் இயல்புகளை எண்ணிக் கணக்கிட்டார். உருண்டை வித்துடைய செடியையும் சுருங்கிய வித்துடைய செடியையும் கலந்தபோது, முதற்றலைமுறையில் உருண்டை வித்துக்களே தோன்றின. இரண்டாந் தலைமுறையில் அவர் எண்ணிய 7,324 வித்துக்களுள் 5,474 உருண்டையாயும் 1,850 சுருங்கியும் இருந்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்னும் இவ்விகிதமே இன்று நம் மாணவர் உயிரியல் வகுப்பிற் படிக்கும் பாரம்பரிய விதிகளுக்கு அடிப்படையாயிற்று.

மெண்டல் தம் முடிபுகளை மறைத்தாரல்லர். 1865ஆம் ஆண்டு பெப்பிரவரி 8ஆம் நாளும் மார்ச்சு 8ஆம் நாளும் அந்நகர இயற்கை விஞ்ஞானக் கழகத்தின் முன் அவற்றைப் படித்தார். அடுத்த ஆண்டு அக்கழகத்தின் சஞ்சிகையில் அவை அச்சாயின. அச்சஞ்சிகை ஐரோப்பாவிலும் அதற்கு அப்பாலும் நூற்றுக்கு மேற்பட்ட கழகங்களுக்கும் நூல்நிலையங்களுக்கும் அனுப்பப்பட்டது. அவர் தாமே 40 தனிப்படிகள் பெற்று, அறிஞர் சிலருக்கு விடுத்தார். அக்காலத்துத் தாவரவியற் பேரறிஞரான நேகெலியுடன் ஆண்டுக் கணக்காகக் கடிதப் போக்குவரவும் வைத்திருந்தார். இவ்வளவு செய்தும், 1884இல் அவர் இறக்கும்போது அக்கட்டுரையின் பொருளை உணர்ந்தார் ஒருவருமிலர் எனலாம். 1900ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்தில் டி வ்ரீஸ், ஜேர்மனியிற் கொறென்ஸ், ஒஸ்திரியாவிற் செர்மாக் என்னும் மூவர் அடுத்தடுத்து அதனை மீண்டும் வெளிக்கொணர்ந்தனர். அச்சான நாள் முதல் இடையிற் கழிந்தவை 34 ஆண்டுகள்.

இதன் காரணம் யாது? அக்கால விஞ்ஞானிகளின் மனம் அக்கருத்துக்குப் பக்குவப்படவில்லை என்பது ஒரு காரணம். உயிரியலிலே கணக்கைப் புகுத்தியதை அவர்கள் விரும்பவில்லை என்பது மற்றொன்று. நூல்நிலைய நோக்கிற் பார்ப்பார்க்கு வேறு சில காரணங்களும் புலனாகும். கட்டுரையின் தலைப்பு கலப்புத் தாவரங்களைப் பற்றியே பேசிற்று. பாரம்பரியம் என்னும் சொல் அதில் இல்லை. வெளியிட்ட சஞ்சிகை ஒரு மாகாணக் கழகத்தினது. இலண்டன் ரோயல் சங்கம் 1867 முதல் வெளியிட்ட விஞ்ஞானக் கட்டுரைகளின் பெரும் பட்டியலில் மெண்டலின் கட்டுரையும் இடம்பெற்றதுதான். ஆயினும் அப்பட்டியல் ஆசிரியர் பெயர் வரிசையில் அமைந்தது. மெண்டல் என்ற பெயரை முன்னரே அறிந்தவனுக்கே அது வழிகாட்டும். பொருளைத் தேடி வருபவனுக்கு அது வாய்திறவாது.

இன்னுமொரு செய்தி உண்டு. போக்கே என்னும் ஜேர்மானியர் 1881இற் கலப்புத் தாவரங்கள் பற்றி எழுதிய நூலில் மெண்டலைப் பலமுறை குறிப்பிட்டார். அந்நூலின் படியொன்று சாள்ஸ் டார்வினின் கையிலேயே இருந்தது. ஆனால் மெண்டலின் பட்டாணி ஆய்வைப் பேசும் பக்கங்கள் அப்படியில் வெட்டித் திறக்கப்படாமலே கிடந்தன. தம் பரிணாமக் கொள்கைக்கு வேண்டியிருந்த விடையின் சுவடு தம் நூலடுக்கிலேயே இருந்ததை அப்பெரியார் அறியாமலே மறைந்தார். பின்னர்ச் செர்மாக்கை மெண்டலிடம் அழைத்துச் சென்ற வழிகளுள் அதே போக்கேயின் நூலும் ஒன்றாயிற்று. குடத்துள் இட்ட விளக்கையும் ஒரு சிறு துளை காட்டிவிடும் போலும்!

ஆராய்ச்சியை நிகழ்த்துதல் ஒரு தொழில். அறிவித்தல் மற்றொரு தொழில். அறிவித்ததைத் தேடிப் பெறுமாறு ஒழுங்குபடுத்தல் மூன்றாவது தொழில். இம்மூன்றாவதைப் பேணுமிடமே பல்கலைக்கழக நூல்நிலையம். அது வளர்ந்த வரலாற்றையும் இயங்கும் முறையையும் சுருக்கமாக ஆராய்வோம்.

கடிதத்திலிருந்து சஞ்சிகைக்கு

சஞ்சிகைகள் தோன்றுமுன் விஞ்ஞானிகள் தம் கண்டுபிடிப்பைக் கடிதத்தின் மூலமே பிறர்க்கு அறிவித்தனர். அறிவித்தாற் பிறர் தமதெனக் கொள்வரோ என்ற அச்சம். அறிவியாதிருந்தாற் பிறர் முந்திக்கொள்வரோ என்ற அச்சம். இவ்விரண்டுக்குமிடையே அவர்கள் கண்ட உபாயம், செய்தியை எழுத்து மாற்றிப் புதிராக்குதலாம். 1610இற் கலிலியோ, சனிக்கிரகம் மூன்று உருவாகத் தோன்றுதலைக் கண்டு, அதனை எழுத்துக் குலைந்த புதிராகக் கெப்ளருக்கு எட்டச் செய்தார். கெப்ளர் அதனை முயன்று அவிழ்த்து, செவ்வாய்க்கு இரு துணைக்கோள்கள் உண்டு என்று பொருள் கொண்டார். நம் மாணவர் பௌதிகத்திற் கற்கும் ஹூக்கின் விதியும் 1676இற் புதிராக வெளிவந்து, 1678இலேயே அவராற் பொருள் விளக்கப்பட்டது. நம் பரிபாஷைக்கும் ஐரோப்பியரின் இப்புதிருக்கும் வேற்றுமை அதிகமில்லை.

இந்நிலையை மாற்றியவர் ஹென்றி ஓல்டன்பேர்க். ஜேர்மனியிற் பிறேமன் நகரிற் பிறந்து, இலண்டன் ரோயல் சங்கத்தின் செயலாளராயிருந்த அவர், பல நாட்டறிஞருடன் கடிதத் தொடர்பு பூண்டவர். ஒவ்வொரு கடிதத்தையும் பலமுறை படியெடுப்பதிலும் அச்சிட்டுப் பரப்புதல் நன்று எனக் கண்டு, 1665ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் அச்சங்கத்தின் சஞ்சிகையைத் தொடங்கினார். அதற்கு இரு திங்களின் முன்னரே பாரிசு நகரிற் டெனி த சலோ என்பவர் நூல்களையும் அறிவுச் செய்திகளையும் அறிவிக்கும் சஞ்சிகையொன்றைத் தொடங்கியிருந்தார். ஓல்டன்பேர்க்கின் சஞ்சிகை இன்றும் வெளிவருகின்றது.

இச்சஞ்சிகைகள் விஞ்ஞானியின் இரு அச்சங்களையும் ஒருங்கே போக்கின. கண்டவர் யார், என்று கண்டார் என்பது நாளுடன் அச்சிற் பதிவாகிவிட்டமையால், மறைத்தவனுக்கன்றி வெளியிட்டவனுக்கே முதன்மை உரியதாயிற்று. ஈயாது காத்த பொருள் போய், ஈந்தவனுக்கே உடைமையாகும் ஒரு புதிய பொருள் அறிவுலகிற் பிறந்தது. விஞ்ஞானம் விரைந்து வளர்ந்ததற்கு இவ்வொழுங்கு ஒரு தலையாய காரணம் எனலாம்.

கட்டுரையின் உறுப்புக்கள்

இக்கால ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்து நோக்கினால், அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு பயன் கருதியே அமைந்திருத்தல் தெரியவரும். தலைப்பு பொருளைக் காட்டும். ஆசிரியர் பெயரும் நிலையமும் பொறுப்பைக் காட்டும். கட்டுரை பெறப்பட்ட நாள் முதன்மையைக் காட்டும். பொழிப்பு, முழுவதையும் படிக்க வேண்டுமோ என்பதைத் தேர்ந்து கொள்ள உதவும். செய்முறைப் பகுதி, ஐயுறுவோன் தானே செய்து பார்க்க வழி தரும். இறுதியில் நிற்கும் மேற்கோட் பட்டியல், இவ்வாய்வு எவருடைய தோளின்மேல் நிற்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளும் நன்றிக் கடனாகும். தொகுதி, இதழ், பக்கம் என்னும் எண்கள் அதன் முகவரி. 2000ஆம் ஆண்டு முதல் கட்டுரை ஒவ்வொன்றிற்கும் மாறாத ஓர் இணையச் சுட்டெண் இடும் வழக்கமும் பரவியுள்ளது.

அச்சேறுமுன் கட்டுரையை அத்துறை வல்லார் சிலர் படித்து மதிப்பிடுவர். ரோயல் சங்கம் 1752இல் ஒரு குழுவை நியமித்துக் கட்டுரைகளைத் தெரியத் தொடங்கியமை இம்முறையின் வளர்ச்சியில் ஒரு படியாகும். இம்மதிப்பீடு பிழையை முற்றாய் நீக்கும் என்று எண்ணுதல் தகாது. அது வாயிற்காவலே அன்றி வழக்குத் தீர்ப்பன்று. பிறர் அதனைத் தேடிப் படித்து, செய்து பார்த்து, ஏற்றோ மறுத்தோ எழுதும்போதே உண்மையான தீர்ப்புத் தொடங்குகின்றது. ஆகவே தேடிப் பெறும் வசதி இல்லையேல், விஞ்ஞானத்தின் நீதிமன்றமே கூடாது என்க.

பெருக்கமும் சிதறலும்

சஞ்சிகைகள் பெருகின. 1940களின் பிற்பகுதியிற் சிங்கப்பூர் ராபிள்ஸ் கல்லூரியிற் கற்பித்த டெரெக் பிறைஸ் என்னும் ஆங்கிலேயர், கல்லூரி நூல்நிலையக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், ரோயல் சங்கச் சஞ்சிகையின் தொகுதிகளைத் தம் வீட்டில் வைத்துப் பாதுகாத்தார். அவற்றைப் பத்துப் பத்து ஆண்டாகப் பிரித்துச் சுவரோடு அடுக்கியபோது, அடுக்குகளின் உயரம் மடங்கு மடங்காக ஏறும் வளைகோடு ஒன்றை அமைத்ததைக் கண்டு வியந்தார். விஞ்ஞான வெளியீடுகள் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன என்று பின்னர் அவர் நிறுவிய கருத்தின் வித்து அச்சுவரிலே முளைத்ததாகும்.

பெருக்கத்தினும் கொடியது சிதறல். இலண்டன் விஞ்ஞானக் காட்சிச்சாலை நூல்நிலையத்தைச் சேர்ந்த பிறட்போர்ட் என்பார் 1934இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். பிரயோகப் புவிப்பௌதிகத் துறையிற் சில ஆண்டுகளில் வெளிவந்த 1,332 கட்டுரைகளை அவர் ஆராய்ந்தார். அவற்றுள் 429 கட்டுரைகள் 9 சஞ்சிகைகளிலேயே அடங்கின. அடுத்த 499 கட்டுரைகளைப் பெற 59 சஞ்சிகைகளைப் புரட்ட வேண்டியிருந்தது. எஞ்சிய 404 கட்டுரைகளோ 258 சஞ்சிகைகளிற் சிதறிக் கிடந்தன. ஒரு துறையின் முதன்மையான சஞ்சிகைகளை மட்டும் வாங்கிப் படிப்பவன், அத்துறையின் செல்வத்தில் மூன்றில் ஒரு பங்கையே காண்பான் என்பது இதனாற் பெறப்படும். மெண்டலின் கட்டுரை போன்றவை பெரும்பாலும் மூன்றாம் பங்கிலேயே ஒளிந்து கிடக்கும்.

இதற்கு மாற்றாக எழுந்தவையே சுட்டிகளும் பொழிப்புச் சஞ்சிகைகளும். இரசாயனத்துக்கு ஜேர்மனியில் 1830இலும், ஐக்கிய அமெரிக்காவில் 1907இலும் பொழிப்புச் சஞ்சிகைகள் தோன்றின. மருத்துவத்துக்கு ஜோன் ஷோ பில்லிங்ஸ் 1879இல் மாதச் சுட்டியொன்றைத் தொடங்கினார். உலகெங்கும் வெளிவரும் கட்டுரைகளைப் படித்துப் பொழிப்பெழுதி, பொருள்வாரியாக வகுத்து, அட்டவணையிடும் இப்பணி பல்லாயிரவர் முகந்தெரியாது செய்த தொண்டாகும். இன்று அவ்வச்சுத் தொகுதிகள் நின்றுவிட்டன. அவற்றின் உள்ளடக்கம் கணினிக்குள் வாழ்கின்றது. மருத்துவச் சுட்டியின் வழிவந்த தரவுத்தளத்தை 1997 முதல் எவரும் கட்டணமின்றி இணையத்திற் பார்க்கலாம்.

இத்தகைய சுட்டிகளின் உயிர்நிலை சொல்லொழுங்காகும். ஒருவர் புற்றுநோய் என்பார். மற்றொருவர் கட்டி என்பார். வேறொருவர் இலத்தீன் பெயரால் எழுதுவார். இவற்றையெல்லாம் ஒரு தலைச்சொல்லின் கீழ்ச் சேர்த்து வைத்தாலன்றித் தேடுவோன் பாதியையே பெறுவான். நிகண்டு கற்ற நம் முன்னோர்க்கு இது புதிதன்று. பலபெயர் ஒருபொருளாதலும் ஒருசொற் பலபொருளாதலும் அறிந்து தொகுத்த அம்மரபின் விஞ்ஞான வடிவமே மருத்துவச் சுட்டியின் சொற்றொகுதி எனின் மிகையாகாது.

கணிதப் பேராசிரியர் கண்ட வழி

நூல்களை அடுக்கும் முறை பற்றிப் பேசுமிடத்து ஒரு தமிழரை மறத்தல் ஆகாது. சீகாழியில் 1892இற் பிறந்து, சென்னையிற் கணிதம் கற்பித்துக் கொண்டிருந்த சீ. இரா. அரங்கநாதன், 1924இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமனம் பெற்றார். வாசகர் வராத நூல்நிலையத்தில் வாளாவிருக்க மனமின்றி மீண்டும் ஆசிரியத் தொழிலுக்கே திரும்ப எண்ணியிருந்தவர், பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது மனம் மாறினார். அங்கே நூல்நிலையங்கள் நாட்டின் உயிர்த்துடிப்பாக இயங்குதலைக் கண்டார். திரும்பி வந்து, பூட்டிய அலுமாரிகளைத் திறந்து, வாசகர் தாமே அடுக்குகளிடையே சென்று நூலெடுக்க இடஞ்செய்தார்.

1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளின் கருத்து இதுவாகும்: நூல் பயன்பாட்டிற்கே உரியது, வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு, நூல் ஒவ்வொன்றிற்கும் உரிய வாசகர் உண்டு, வாசகரின் காலம் வீணாகலாகாது, நூல்நிலையம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிரி. மூன்றாம் விதியை மெண்டலின் வரலாற்றோடு சேர்த்து நோக்குக. உரிய வாசகரைச் சென்றடையாத நூலுக்கு ஒரு நூலகர் பொறுப்பாளி ஆகின்றார் என்பதே அதன் உட்பொருள்.

அவர் 1933இல் வெளியிட்ட பகுப்பு முறையும் புதுமையுடையது. அமெரிக்கராகிய டூயி 1876இல் வகுத்த தசமப் பகுப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னரே ஓரெண் குறிக்கப்பட்டிருக்கும். புதுப்பொருள் தோன்றின் இடம் தேட வேண்டும். இலண்டன் கடையொன்றில் ஒரே வகைத் துண்டுகளால் வெவ்வேறு உருவங்களை இணைத்துக் காட்டிய விளையாட்டுப் பொருளைக் கண்ட அரங்கநாதனுக்கு ஓர் எண்ணம் உதித்தது. பொருள்களையும் அவ்வாறே கூறுகளாகப் பகுத்து வேண்டியவாறு கோத்தால் என்ன? நெல், அதன் இலை, அதிற்றோன்றும் நோய், அதனைத் தடுத்தல், நிகழ்ந்த நாடு, காலம் என்று தனித்தனிக் கூறுகளின் குறிகளைப் புள்ளிகளாற் கோத்து ஓர் எண்ணாக்கினால், நாளை தோன்றும் ஆய்வுக்கும் இன்றே இடமுண்டு. பகுபதத்தை முதனிலை, இறுதிநிலை, இடைநிலை எனப் பிரித்துப் புணர்க்கும் இலக்கணத்தைப் பயின்ற நமக்கு இதனை விளங்கிக் கொள்ளுதல் அரிதன்று.

மேற்கோள் காட்டும் நெறி

சொல்லைக் கொண்டு தேடுதல் ஒரு வழி. கட்டுரைகள் ஒன்றையொன்று எடுத்தாளும் உறவைக் கொண்டு தேடுதல் மற்றொரு வழி. இதனைக் கண்டவர் அமெரிக்கராகிய இயூஜின் கார்பீல்ட். வழக்கறிஞர் ஒரு பழந்தீர்ப்பைப் பின்வந்த நீதிமன்றங்கள் ஏற்றனவோ தள்ளினவோ என்றறிய 1873 முதல் ஒரு சுட்டியைப் பயன்படுத்தி வந்தனர். அம்முறையை விஞ்ஞானத்துக்கும் கொள்ளலாம் என்று அவர் 1955இல் எழுதினார். 1964 முதல் விஞ்ஞான மேற்கோட் சுட்டியை வெளியிட்டார்.

கட்டுரையின் இறுதியிலுள்ள பட்டியல் நம்மை முற்காலத்துக்கு அழைத்துச் செல்லும். மேற்கோட் சுட்டியோ பிற்காலத்துக்கு அழைத்துச் செல்லும். ஒரு கட்டுரை கிடைத்தால், அதன் தந்தை பாட்டனாரை மட்டுமன்றி மக்களையும் பேரரையும் காணலாம். அன்றியும், பிற்காலத்தார் அதனை மறுத்தனரா என்பதையும் அறியலாம்.

இப்பயன் அற்பமானதன்று. 1998இல் தி லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவச் சஞ்சிகையில், 12 பிள்ளைகளை ஆராய்ந்ததாகக் கூறும் கட்டுரையொன்று, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா என்பவற்றுக்கான தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு உண்டோ என்ற ஐயத்தைக் கிளப்பியது. பின்வந்த பேராய்வுகள் அத்தொடர்பைக் காணவில்லை. 2010இல் அச்சஞ்சிகை கட்டுரையை முற்றாக மீளப்பெற்றது. ஆயினும் இடைப்பட்ட பன்னிரண்டாண்டில் எத்தனையோ பெற்றோர் தடுப்பூசியை அஞ்சி ஒதுக்கினர். மூலக்கட்டுரையைக் கேள்விப்பட்டவர் பலர். அது மீளப்பெறப்பட்டதைத் தேடி அறிந்தவர் சிலர். ஒரு கட்டுரையைக் கண்டெடுத்தல் தேடலின் பாதியே. அதன் பின் அதற்கு நேர்ந்தது யாது என்று காணுதல் மறுபாதியாகும்.

இரு கரைகளை இணைத்தல்

நூல்நிலையத்திற் கிடக்கும் அறிவை இணைப்பதே ஒரு கண்டுபிடிப்பாகும் என்பதைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்த டொன் சுவான்சன் 1986இற் காட்டினார். குளிரினால் விரல்களின் குருதியோட்டம் தடைப்பட்டு அவை வெளிறி நோவது ரேனோ நோய் எனப்படும். அந்நோயாளரிடம் குருதி தடித்திருத்தல் முதலிய மாற்றங்கள் காணப்படுகின்றன என்று ஒரு தொகுதிக் கட்டுரைகள் கூறின. மீனெண்ணெய் குருதியின் தடிப்பைக் குறைக்கும் என்று வேறொரு தொகுதிக் கட்டுரைகள் கூறின. இவ்விரு தொகுதியினரும் ஒருவரையொருவர் எடுத்தாளவில்லை. எனவே ரேனோ நோய்க்கு மீனெண்ணெய் உதவக்கூடும் என்னும் கருத்து, அச்சான ஏடுகளிற் பாதி இங்கும் பாதி அங்குமாகக் கிடந்தும், எவர் மனத்திலும் உதிக்கவில்லை. ஆய்வுகூடத்தினுட் கால் வையாத சுவான்சன், இரண்டையும் படித்து இணைத்து அக்கருத்தை வெளியிட்டார். 1989இல் வெளிவந்த ஒரு மருத்துவச் சோதனை, வேறு நோயின் தொடர்பின்றித் தானே தோன்றும் ரேனோ நோயுடையாரிடம் மீனெண்ணெயாற் பயன் கண்டதாகக் கூறியது. 1988இல் ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் இடையே இத்தகைய தொடர்பை அவரே சுட்டிக் காட்டினார்.

சிறப்பறிவு மிகுந்து, ஒரு துறையார் மறுதுறையாரின் சஞ்சிகையைத் தொடாத இக்காலத்தில், எல்லாத் துறைகளும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருக்கும் இடம் பல்கலைக்கழக நூல்நிலையம் ஒன்றே.

வாயிலும் விலையும்

இத்துணைச் சிறப்பும் வாயில் திறந்திருப்பார்க்கே பயன்படும். ஆராய்ச்சியைச் செய்தவர் பல்கலைக்கழகத்தார், மதிப்பிடுவோரும் அவரே, படிப்போரும் அவரே. ஆயினும் இடையே நின்ற பதிப்பகத்தார் குறிக்கும் சந்தாவைச் செலுத்த இயலாது பல நூல்நிலையங்கள் தளர்ந்தன. செல்வத்திற் சிறந்த ஹாவாட் பல்கலைக்கழகத்திலேயே, நூல்நிலையம் பற்றிய ஆசிரியர் ஆலோசனைக் குழு, சஞ்சிகைகளின் விலை இனித் தாங்கத்தக்கதன்று என்று 2012இல் அறிவித்தது. மேலும், அச்சுச் சஞ்சிகைக்குச் சந்தா நின்றாலும் பழைய தொகுதிகள் அடுக்கில் எஞ்சியிருக்கும். இணையச் சஞ்சிகைக்குச் சந்தா நின்றாலோ, ஒப்பந்தத்தைப் பொறுத்துப் பழையனவும் கைவிட்டுப் போதல் கூடும்.

இதற்கு மாற்று வழிகளும் தோன்றியுள்ளன. 1991இற் போல் ஜின்ஸ்பார்க் என்னும் பௌதிகர், கட்டுரைகளை அச்சேறுமுன்னரே எவரும் படிக்க வைக்கும் களஞ்சியம் ஒன்றை அமைத்தார். 2002 பெப்பிரவரியிற் புடாபெஸ்ட் நகரின் பெயரால் வெளியான அறிக்கை, ஆராய்ச்சிக் கட்டுரைகள் கட்டணமின்றி யாவர்க்கும் கிடைத்தல் வேண்டும் என்று கோரியது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பதிப்பகத்தாருடன் இணைந்து, வறிய நாடுகளின் நிலையங்கள் மருத்துவச் சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ பெறும் திட்டத்தைத் தொடங்கியது. இலங்கையில் வெளிவரும் ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் பலவும் இன்று இணையத்தில் ஒருங்கே படிக்கக் கிடைக்கின்றன. எனினும் திறந்த களஞ்சியங்களில் மதிப்பீடு பெறாத கட்டுரைகளும் உள. பணம் பெற்று எதனையும் வெளியிடும் போலிச் சஞ்சிகைகளும் உள. வாயில் அகன்றபோது காவலனின் வேலை வாசகனிடமே வந்து சேர்ந்துவிட்டது.

மாணவர்க்குச் சில சொற்கள்

யான் வெளிவாரி மாணவனாயிருந்து பட்டம் பெற்றவன். பகலிற் கற்பித்து, இரவில், எவரோ தொகுத்த குறிப்புக்களை மனனஞ் செய்து பரீட்சை எழுதினேன். பல்கலைக்கழக நூல்நிலையமொன்றின் படிகளை முதன்முறை ஏறியது பட்டம் பெற்ற பின்னரேயாம். அங்கே ஒரு பிற்பகல், சஞ்சிகைத் தொகுதிகளைப் புரட்டியபோது, யான் பரீட்சையில் முடிந்த முடிபாக எழுதிப் புள்ளி பெற்ற கருத்தொன்று பல்லாண்டுகளுக்கு முன்னரே மறுக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். அக்குறிப்பைத் தொகுத்தவரும் தேடவில்லை, யானும் தேடவில்லை, புள்ளியிட்டவரும் கேட்கவில்லை. அன்றுற்ற நாணமே இக்கட்டுரைக்கு வித்தாகும்.

ஆதலின், பல்கலைக்கழகம் புகவிருக்கும் மாணவர்க்குக் கூறத்தக்கது இது. முதலிற் கலைக்களஞ்சியத்திலோ பாடநூலிலோ பொருளின் எல்லையையும் கலைச்சொற்களையும் அறிந்து கொள்க. பின், ஒரே பொருளைக் குறிக்கும் பல சொற்களை எழுதி வைத்துக்கொண்டு, சுட்டியிலோ தரவுத்தளத்திலோ தேடுக. நல்ல கட்டுரையொன்று கிடைத்ததும், அதன் மேற்கோட் பட்டியலால் முன்னோக்கியும் மேற்கோட் சுட்டியாற் பின்னோக்கியும் செல்க. மீளப்பெறப்பட்டதோ மறுக்கப்பட்டதோ என்று பார்க்க. இயலாதவிடத்து நூலகரை அணுகிக் கேட்க. கேட்பதற்கு நாணுவோர் பலர், நூலகரின் கல்வி அதற்கேயென்று அறியாமையால். படித்தவற்றின் முகவரியைப் பிழையின்றிக் குறித்து வைக்க.

இக்காலத்தில் வினாவுக்கு உடனே விடையெழுதித் தரும் கணினிப் பொறிகளும் வந்துவிட்டன. அவை உலகில் இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியரும் ஆண்டும் பக்கமும் இட்டு, உள்ளதுபோற் காட்டுதல் உண்டு. மெண்டலின் காலத்தில் இருந்த கட்டுரை இல்லாததுபோற் கிடந்தது. நம் காலத்தில் இல்லாத கட்டுரை இருப்பதுபோல் உலவுகின்றது. இரு பிணிக்கும் மருந்து ஒன்றே. மூலத்தைத் தேடிச் சென்று, கையில் எடுத்து, கண்ணாற் படித்தல் வேண்டும்.

புறூண் நகரத் துறவியின் கட்டுரையைத் தாங்கிய தொகுதிகள் முப்பத்துநான்கு ஆண்டுகள் பல நூல்நிலையங்களில் வாய்பேசாது காத்திருந்தன. அவற்றை வாங்கி, பதிந்து, அடுக்கி, தூசு தட்டிப் பேணிய பெயரறியா நூலகர் இல்லையேல், 1900இல் மீண்டும் காண்பதற்கு ஒன்றும் இருந்திராது. நம் நாட்டு நூல்நிலையங்களின் அடுக்குகளிலும் இன்னும் வெட்டித் திறவாத பக்கங்கள் எத்தனையோ உள. அவற்றைத் திறக்கும் கைகள் நம் மாணவருடையனவாக அமைக.